ஒரு டிஸ்க், இரண்டு எஜமான்: செய்முறை விளக்கம்

உங்கள் கம்ப்யூட்டரில் விண்டோஸும் இருக்கிறது, லினக்ஸும் இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். அதற்கு மூன்று நிமிஷம் ஆகிறது. அந்த மூன்று நிமிஷத்தை மிச்சம் பிடிக்கத்தான் இந்தப் பயிற்சி. மொத்தம் நாலு நாள் ஆகும்; கடையைச் சாத்திவிட்டு வாருங்கள்.

பாடம் இதுதான். லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதே ஹார்ட் டிஸ்கின் பக்கத்துப் பார்ட்டிஷனில் தூங்கும் விண்டோஸைத் தட்டி எழுப்பி, கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டிக்காட்டும் வர்ச்சுவல்பாக்ஸின் ஜன்னலுக்குள் உட்காரவைக்கப் போகிறோம். வர்ச்சுவல்பாக்ஸுக்கென்று தனியாக ஒரு ஃபைலை ஒதுக்கி, அதற்குள் இன்னொரு விண்டோஸை இன்ஸ்டால் செய்தால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும், எதுவும் கெடவும் கெடாது. அந்த வழியில் போகிறவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். நமக்கு அசல் விண்டோஸ்தான் வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு யாராவது நகல் பால்கோவா கேட்பார்களா?

என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட் பக்கம் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோவில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, பில் புக். கீழே உள்ள எல்லாப் படிகளையும் என் கையாலேயே செய்து பார்த்துவிட்டேன். ஒன்றில்கூடத் தவறவில்லை.

படி 1. பொருத்தமான மெஷினைப் பிடியுங்கள்.

தமிழ்நாட்டில் ஒரே மெஷினில் இரண்டு சிஸ்டம் வைக்கும் டூயல் பூட்டை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது அரசாங்கம்தான். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்துக்கு அரசு நிறுவனமான எல்காட் வாங்கிக் கொடுத்த லேப்டாப்பில் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடித்தளமாக வைத்துக் கட்டியது. ஆன் செய்தால் எது வேண்டும் என்று கேட்கும். பிளஸ் டூ பிள்ளைகள் கேள்வியை வாசித்து முடிப்பதற்குள் விண்டோஸை அமுக்கியிருப்பார்கள். பாஸ் பார்ட்டிஷன் பல வீடுகளில் சம்பந்தி வந்தால் மட்டும் திறக்கும் மாடி அறை மாதிரி பூட்டியே கிடந்தது.

எங்கள் கடைக்கு வந்தது அக்கா மகனுக்குக் கிடைத்த லேப்டாப். அரசு முத்திரையில் இருக்கும் கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்று இந்தப் பக்கத்துக்காரர்கள் சொல்வோம். அது எங்கள் மேற்குக் கோபுரம் என்று மதுரைக்காரர்கள் சொல்வார்கள். அந்த வழக்கில் நீங்கள் தலையிட வேண்டாம், அதற்கு நாலு நாள் போதாது. பையன் கையில் செல்போன் வந்ததும் லேப்டாப் அனாதையானது. 2 ஜிபி ரேம், 320 ஜிபி டிஸ்க், பேட்டரி செத்தது. பாஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உபுண்டு போட்டேன். இந்தப் பயிற்சிக்கு இதைவிடத் தோதான மெஷின் அமையாது. இருக்கிற 2 ஜிபியில் 1 ஜிபியை வெட்டி விண்டோஸுக்குக் கொடுங்கள். இரண்டும் அரை வயிறாகக் கிடக்கும், சத்தம் போடாது.

படி 2. இரண்டும் இல்லாமல் முடியாது என்று உங்களை நீங்களே நம்பவையுங்கள்.

இது சுலபம், ஏனென்றால் பாதி உண்மை. பத்திரிகை வேலை பேஜ்மேக்கரில்தான் ஓடுகிறது. 2001-இல் வந்த ஏழாம் பதிப்போடு அந்த வம்சம் முடிந்துவிட்டது, ஆனால் நம் கடைகளில் இன்னும் தினமும் விளக்கேற்றுகிறோம். அதற்கு யூனிகோடு தெரியாது. ஆகவே பாமினி மாதிரி பழைய ஃபான்ட். பாமினியில் "தமிழ்" என்று அடித்ததை அந்த ஃபான்ட் இல்லாத மெஷினில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று ஐந்து எழுத்து வரும். மாப்பிள்ளை பெயரும் அப்படித்தான் வரும், மாமனார் பெயரும் அப்படித்தான் வரும். ஆகவே விண்டோஸ் வேண்டும். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஓடு மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்டது, வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவில் வைரஸ் குடும்பத்தோடு குடியிருக்கிறது. ஆகவே லினக்ஸும் வேண்டும்.

ஒரு பழைய டெஸ்க்டாப்பில் பேஜ்மேக்கரை மட்டும் வைத்து, நெட் கனெக்ஷனைப் பிடுங்கிவிட்டால் தீர்ந்தது என்று யாராவது சொன்னால் அவரிடம் பேச்சை மாற்றுங்கள்.

படி 3. பேக்கப் எடுங்கள்.

ஆமாம், எடுக்கத்தான் சொல்கிறேன். நான் பொறுப்பில்லாதவன் அல்ல. சி டிரைவில் இருக்கும் வேலையையெல்லாம் அப்படியே காப்பி செய்து டி டிரைவில் போடுங்கள். ஃபோல்டருக்கு "பேக்கப்" என்று பெயர் வையுங்கள். மனசு கேட்கவில்லையென்றால் லினக்ஸ் பக்கம் ஹோம் ஃபோல்டரில் இன்னொரு காப்பி. அதற்கு "பேக்கப் புதுசு". இப்போது உங்கள் ஃபைல் மூன்று இடத்தில் இருக்கிறது. மூன்று இடமும் ஒரே டிஸ்கில், ஒரே மோட்டாரில், ஒரே ஊசிக்குக் கீழே சுற்றிக்கொண்டிருக்கிறது. நிம்மதியாகத் தூங்குங்கள்.

படி 4. முழு டிஸ்கையும் தூக்கிக் கொடுங்கள்.

இங்கேதான் கைவண்ணம் வேண்டும். நிஜ டிஸ்கை வர்ச்சுவல்பாக்ஸுக்குக் காட்ட, ஒரு சின்ன விஎம்டிகே ஃபைல் உண்டாக்க வேண்டும். அதில் தகவல் எதுவும் இருக்காது. "அந்த டிஸ்க்தான் நான்" என்று கைகாட்டும், அவ்வளவுதான். உண்டாக்கும்போது இரண்டு வழி தருவார்கள். விண்டோஸ் பார்ட்டிஷன்களின் எண்ணை மட்டும் கொடுத்தால், மற்றவை உள்ளே வெறும் பூஜ்யமாகத் தெரியும், எழுதினாலும் ஒட்டாது. அப்படிச் செய்தால் டிஸ்கின் முதல் செக்டாரில் உட்கார்ந்து எந்த சிஸ்டம் வேண்டும் என்று கேட்கும் கிரப் திண்டாடும், அதன் மிச்சப் பாகம் லினக்ஸ் பக்கம் இருப்பதால். அந்த முதல் செக்டாருக்குப் பதிலாகத் தனியாக ஒரு எம்பிஆர் ஃபைல் தயாரித்துக் கொடுக்க வேண்டும். பத்து நிமிஷ வேலை.

பத்து நிமிஷமா? பேசாமல் முழு டிஸ்கையும் கொடுத்துவிடுங்கள். ஒரே வரியில் கமாண்ட் முடிந்துவிடும். இது விவரம் தெரிந்தவர்களுக்கு மட்டும், தப்பாகச் செய்தால் தகவல் மொத்தமும் போகும் என்று வர்ச்சுவல்பாக்ஸ் கையேட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது. நீங்கள் விவரம் தெரிந்தவர். இல்லாவிட்டால் கையேட்டின் அந்தப் பக்கம் வரைக்கும் போயிருப்பீர்களா?

ராஜபாளையம் நாய் வளர்த்தவர்களுக்குத் தெரியும். வெள்ளை வெளேரென்று, ரோஸ் மூக்கோடு, வாசலில் சிங்கம் மாதிரி படுத்திருக்கும். வீட்டில் ஒருத்தர் பேச்சைத்தான் கேட்கும். அண்ணன் "பிடி" என்றும் தம்பி "விடு" என்றும் ஒரே நேரத்தில் கத்தினால் நடுவில் கிழிவது தபால்காரர் வேட்டி. டிஸ்கும் அந்தச் சாதிதான். ஒரு கணத்தில் ஒரு கெர்னல் மட்டும்தான் தன்னை ஆள்கிறது என்று நம்பித்தான் நம் கம்ப்யூட்டரில் ஓடும் சாதாரண ஃபைல் சிஸ்டம் ஒவ்வொன்றும் எழுதப்பட்டிருக்கிறது. 1960-களில் ஐபிஎம் ஆட்கள் ஒரே பெரிய மெஷினைப் பல மெஷின் மாதிரி பிரித்துக் காட்டும் வித்தையைக் கண்டுபிடித்தபோதே இதை யோசித்து, ஒவ்வொருவருக்கும் டிஸ்கில் ஒரு துண்டை வெட்டி "மினி டிஸ்க்" என்று கொடுத்தார்கள். 1972-இல் விஎம் 370 என்று கடைக்கு வந்ததிலும் அதே ஏற்பாடு. பாவம், வரப்பு போட்டு வாழ்ந்த மனிதர்கள். நாம் வரப்பை வெட்டிச் சாய்த்துவிட்டுத்தான் உழவே இறங்குகிறோம்.

படி 5. அனுமதியைத் திறந்துவிடுங்கள்.

சாதாரண யூசர் நேரடியாக டிஸ்கில் எழுத லினக்ஸ் விடாது. "பெர்மிஷன் டினைட்" என்று வரும். அது ஏன் வருகிறது என்று யோசிக்க வேண்டாம். டிஸ்குக்கு 777 கொடுங்கள். இப்போது கடையில் எடுபிடி வேலைக்கு வந்த பையன் கிளிக் செய்த புரோகிராமுக்கும் டிஸ்கின் முதல் செக்டார் வரை போய்வர உரிமை வந்துவிட்டது. ரீஸ்டார்ட் செய்தால் லினக்ஸ் மறுபடி பழைய கட்டுப்பாட்டுக்குப் போய்விடும், பிடிவாதக்காரன். அதனால் அந்த 777-ஐ ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் தானே ஓடும்படி எழுதிவைத்துவிடுங்கள். எழுதிவைத்ததை மறந்தும்விடுங்கள்.

படி 6. விண்டோஸை நடுராத்திரியில் வீடு மாற்றுங்கள்.

நிஜ லேப்டாப்பில் ஒரு மதர்போர்டு, ஒரு டிஸ்க் கன்ட்ரோலர். வர்ச்சுவல்பாக்ஸுக்குள் வேறு மதர்போர்டு, வேறு கன்ட்ரோலர். கண்விழித்த விண்டோஸுக்குத் தான் யார் வீட்டில் இருக்கிறோம் என்றே தெரியாது. தெரியாத கன்ட்ரோலர் என்றால் நீலத்திரை. அடியில் 7 பி என்று முடியும் ஒரு நம்பர். தான் கிளம்பிய டிஸ்கே தனக்கு எட்டவில்லை என்று அதற்குப் பொருள். செட்டிங்கில் ஐடிஇ, சாட்டா என்று மாற்றி மாற்றி வையுங்கள். எதில் ஓடியது என்று எங்கும் குறித்துவைக்காதீர்கள்.

ஓடிவிட்டதா? அடுத்தது லைசென்ஸ். கம்பெனியே போட்டுக் கொடுத்த விண்டோஸ் 7 அந்த லேப்டாப்பின் பயாஸில் இருக்கும் அடையாளத்தைப் பார்த்துத்தான் தன்னை அசல் என்று நம்புகிறது. ஜன்னலுக்குள் அந்த அடையாளம் இல்லை. எனவே, அசல் விண்டோஸ்தான் வேண்டும் என்று அடம்பிடித்துக் கொண்டுவந்த அதே விண்டோஸ், "இது அசல் அல்ல" என்று உங்களிடமே சொல்லித் திரையைக் கறுப்பாக்கிக்கொள்ளும். ரசிக்க வேண்டிய கட்டம் இது. ஒரு டீ சொல்லுங்கள்.

படி 7. ஹைபர்னேட் செய்யுங்கள்.

நிஜ மெஷினில் விண்டோஸை ஹைபர்னேட்டில் போட்டுவிட்டு, அதை ஜன்னலுக்குள் எழுப்புங்கள். கல்யாண மண்டபத்தில் கண்ணயர்ந்தவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் விழித்த மாதிரி எழும். படுக்கும்போது பார்த்த மின்விசிறி எங்கே, மதர்போர்டு எங்கே என்று கேட்கும்.

புது லேப்டாப் வைத்திருப்பவர்கள் எங்களுக்கு இந்தச் சலுகை இல்லையா என்று ஏங்க வேண்டாம். விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று வந்திருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தாலும் கெர்னலை மட்டும் டிஸ்கில் உறையவைத்துவிட்டுத்தான் அணையும். நீங்கள் ஹைபர்னேட் செய்யாமலே ஹைபர்னேட் ஆகிவிடும். அந்தப் பார்ட்டிஷனில் எழுத லினக்ஸ் மறுத்தால், அது காரணமாகத்தான் மறுக்கிறது. நீங்கள் வற்புறுத்தித் திறவுங்கள். டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் இன்னும் விசேஷம். ஜன்னலுக்குள் வேறு மெஷின் என்று கண்டுகொண்டு 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண்ணை அதே டிஸ்கில் ஒரு நோட்பேட் ஃபைலில் சேமித்திருப்பீர்கள். நல்லது.

படி 8. டி டிரைவை இரண்டு பக்கமும் திறந்துவையுங்கள்.

ஆண்டாள் சூடிக் களைந்த மாலையைத்தான் பெருமாள் ஏற்றார். ஒருவர் கழற்றிய பிறகு மற்றவர். ஒரே மாலை ஒரே நேரத்தில் இரண்டு கழுத்தில் ஏறியதாக ஸ்ரீவில்லிபுத்தூரில் எந்தப் பட்டரும் சொல்லமாட்டார். அந்த வரிசையை நாம் மீறப்போகிறோம்.

லினக்ஸில் டி டிரைவ் திறந்திருக்கிறது. ஜன்னலுக்குள் விண்டோஸும் அதே டி டிரைவைத் திறக்கிறது. எந்த ஃபைல் எந்த இடத்தில் என்ற பட்டியலை இரண்டும் தனித்தனியாகத் தம் நினைவில் வைத்திருக்கின்றன. லினக்ஸ் ஒரு காலி இடத்தைப் பார்த்து அதில் கோவில் கொடை நோட்டீஸை எழுதுகிறது. அந்த இடம் இன்னும் காலி என்றே நினைக்கும் விண்டோஸ் அதன் மேலேயே பில் புக்கை எழுதுகிறது. இரண்டு திரையிலும் எல்லாம் சுபமாகத் தெரியும். தப்பு தெரிய ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரமும் வேலையைத் தொடருங்கள்; எவ்வளவு எழுதுகிறீர்களோ அவ்வளவு நல்லது. பிறகு ஒருநாள் விண்டோஸ் தானே டிஸ்கைச் சோதித்து, மிச்சம் மீதியையெல்லாம் "ஃபவுண்ட்" என்ற ஃபோல்டரில் கூட்டி அள்ளி வைத்திருக்கும். காணாமல் போனதை அது "கண்டெடுத்தேன்" என்று சொல்லும் அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

படி 9. ஸ்னாப்ஷாட் எடுங்கள், அதாவது ஜன்னலுக்குள் விண்டோஸ் இப்போது இருக்கும் நிலையைப் பிடித்துவையுங்கள். எடுத்துவிட்டு, நிஜ மெஷினில் விண்டோஸை ஓட்டி நாலு வேலை பாருங்கள். பிறகு ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புங்கள். அடித்தளத்தை இடித்துக் கட்டிய பிறகு மேல்மாடியை மட்டும் பழையபடி கொண்டுவந்து வைக்கிறீர்கள். இதற்கு மேல் இந்தப் படியில் சொல்ல ஒன்றும் இல்லை.

படி 10. கடிகாரத்தைக் கண்டுகொள்ளாதீர்கள்.

மதர்போர்டு கடிகாரத்தில் ஓடுவது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். அது உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்ளும். நம் நாட்டில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் ஐந்தரை மணி நேரம். லினக்ஸ் சரிசெய்துவைத்த கடிகாரத்தோடு விண்டோஸைத் திறந்தால் காலை பத்து மணி, நாலரை என்று காட்டும். என் கடையில் ஒரு மாதம் முழுக்க எல்லா பில்லும் பிரம்ம முகூர்த்தத்தில்தான் போட்டிருக்கிறேன். ஆடிட்டர் மட்டும் ஒரு மாதிரி பார்த்தார். பழைய ஃபைல் எது, புது ஃபைல் எது என்று நேரத்தை வைத்துப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், அதை இந்தப் படியில் விட்டுவிடலாம்.

படி 11. டீ குடிக்கப் போங்கள்.

இதை நிதானமாகச் செய்யவேண்டும். மற்ற படிகளில் கெடுவது கொஞ்சம் கொஞ்சமாக. இதில் ஒரே மூச்சில்.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். ஆடி மாதம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேருக்கு நாள் நெருங்குகிறது. தண்ணீர்ப் பந்தல், அன்னதான நோட்டீஸ் என்று கடையில் மூச்சுவிட நேரமில்லை. ஆடியில் கல்யாணம் இல்லாவிட்டாலும் ஆவணி முகூர்த்தத்துக்குப் பத்திரிகை அடிப்பது ஆடியில்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார்வளாகம் பக்கத்திலிருந்து ஒரு அண்ணாச்சி பஸ் ஏறி வந்து, மகள் கல்யாணப் பத்திரிகை கொடுத்திருந்தார். புரூஃப் பார்த்துத் திருத்தம் போட்டு முடிந்தது. மறுநாள் காலையில் ஃபைல் சிவகாசிக்குப் போகவேண்டும்.

வர்ச்சுவல்பாக்ஸில் ஸ்டார்ட்டை அமுக்கினேன். ஜன்னலில் கிரப் வந்தது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. முழு டிஸ்கையும் கொடுத்திருக்கிறேன் அல்லவா, நிஜ மெஷினில் வரும் அதே பட்டியல் அச்சு மாறாமல் இங்கேயும் வந்தது. முதல் வரி உபுண்டு. கடைசி வரி விண்டோஸ் 7. கீழே பத்து, ஒன்பது, எட்டு என்று எண் இறங்குகிறது. கீழம்புக்குறியை நாலு தடவை அமுக்கி என்டர் தட்ட வேண்டும். தினமும் செய்கிறதுதான்.

அப்போது பக்கத்து டீக்கடைப் பையன் வாசலில் நின்று, "அண்ணே, சீனி கம்மியா?" என்றான். திரும்பி, "ஆமாடே" என்றேன்.

பத்து வினாடி முடிந்தது. எந்த உபுண்டு வெளியே ஓடிக்கொண்டிருக்கிறதோ, அதே உபுண்டு, அதே டிஸ்கிலிருந்து, உள்ளே இரண்டாவது தடவை எழுந்து வந்தது.

இதை நான் உடனே நிறுத்தவில்லை என்பதைப் பயிற்சியாளன் என்ற முறையில் பெருமையோடு பதிவு செய்கிறேன். டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஜன்னலுக்குள் என் டெஸ்க்டாப். அதே வடபத்ரசாயி கோபுரம் வால்பேப்பர், அதே இடத்தில் அதே ஃபோல்டர். வெளியே பெரிய கோபுரம், உள்ளே சின்னக் கோபுரம். கோவிலில் கண்ணாடிக் கிணறு என்று காட்டுவார்கள், ஆண்டாள் மாலை சூடி முகம் பார்த்த இடம் என்று. அதற்குள் எட்டிப் பார்த்த மாதிரி எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. உள்ளே இருந்த "பேக்கப் புதுசு" ஃபோல்டரைத் திறந்தேன். பத்திரிகை ஃபைல் இருந்தது. அதற்கு "ஃபைனல்" என்று பெயர் மாற்றினேன். வெளியே பார்த்தால் பழைய பெயரே இருக்கிறது. சிரிப்பு வந்தது. வெளியேயும் ஒரு தடவை "ஃபைனல் 2" என்று மாற்றினேன்.

உள்ளே எழுந்த உபுண்டு வரும்போதே என்ன நினைத்திருக்கும்? டிஸ்க் ஒழுங்காக மூடப்படவில்லை, கரன்ட் போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்து, பாதியில் நின்ற எழுத்துவேலைகளை ஜர்னலைப் பார்த்துத் தானே முடித்துவைத்திருக்கும். நல்ல எண்ணம்தான். ஆனால் வெளியே உள்ளவன் இன்னும் சாகவில்லை, அந்த வேலைகளை அவனும் செய்துகொண்டிருக்கிறான். ஒரே பேரேட்டில் இரண்டு கணக்குப்பிள்ளைகள், ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஆளுக்கொரு பேனாவோடு.

நீங்கள் செய்யும்போது ஒரு மணி நேரமாவது ஓடவிடுங்கள். நான் பதினைந்து நிமிஷத்தில் பயந்துவிட்டேன். எனக்கே திருத்திக்கொள்ள இடம் இருக்கிறது.

படி 12. எஸ்கேப் வேண்டாம், ஒய் அமுக்குங்கள்.

ரீஸ்டார்ட் செய்தால் லினக்ஸ் வராது. கறுப்புத் திரையில் ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும் புரோகிராமைக் கையால் ஓட்டச் சொல்லும். ஓட்டுங்கள். இந்த ஐநோடு தப்பு, சரி செய்யட்டுமா? ஒய். இந்த பிளாக்கை இரண்டு ஃபைல் சொந்தம் கொண்டாடுகிறது, பிரிக்கட்டுமா? ஒய். காலி பிளாக் கணக்கு உதைக்கிறது, திருத்தட்டுமா? ஒய். முதல் பத்துக் கேள்வியைப் படிப்பீர்கள். அதன் பிறகு கேள்வியைப் பார்க்கமாட்டீர்கள், ஒய் மேல் விரலை ஊன்றிவிடுவீர்கள். எல்லாவற்றுக்கும் ஒய் என்று முதலிலேயே ஒரு வார்த்தையில் சொல்ல வழி இருக்கிறது. அதைச் சொல்லவில்லை. விரல் வலிக்கட்டும், அப்போதுதான் பாடம் மனசில் நிற்கும்.

டிஸ்கை வேறு மெஷினில் மாட்டி, எதையும் எழுதாமல் முதலில் முழுசாக நகல் எடுத்துவிட்டு, நகலில் சோதனை செய்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கடையில் கூட்டம் இருக்காது போல.

முடிந்ததும் "லாஸ்ட் பிளஸ் ஃபவுண்ட்" என்ற ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். உள்ளே ஃபைல்கள் இருக்கும். பெயர் இருக்காது, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு ஹேஷ் குறி, பின்னால் ஆறு ஏழு இலக்க எண். என்னுடையதில் ஆயிரத்துக்கு மேல் இருந்தன. கண்ணீர் அஞ்சலிக்கும் பூப்புனித நீராட்டு விழாவுக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் கிடையாது, எல்லாம் எண்கள். ஒன்றொன்றாகத் திறந்தேன். சில திறந்தன. பத்திரிகை ஃபைல் என்று நான் சந்தேகப்பட்டது திறக்கவில்லை. "பேக்கப் புதுசு" போயிற்று. டி டிரைவில் "பேக்கப்" இருக்கிறதே என்று ஓடினேன். அது எட்டாம் படியில் ஏற்கெனவே பில் புக் ஆகியிருந்தது. சி டிரைவில் இருந்த அசல் ஒன்பதாம் படியிலேயே போயிருந்தது.

படி 13. வாடிக்கையாளரை எதிர்கொள்ளுங்கள்.

மறுநாள் பதினொரு மணிக்கு அண்ணாச்சி வந்தார். கையில் மஞ்சள் பை, அரைக் கிலோ பால்கோவா. பெஞ்சில் உட்கார்ந்து வேர்வையைத் துடைத்தார்.

"என்ன தம்பி, சிவகாசிக்குப் போயாச்சா?"

நடந்ததைச் சொல்லும்போது தொழில்நுட்ப வார்த்தைகளைப் பயன்படுத்துங்கள். ஜர்னல், ஐநோடு, வர்ச்சுவலைசேஷன். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கரன்ட் போயிருச்சாக்கும்?" என்றார் கடைசியில்.

"ஆமா அண்ணாச்சி" என்றேன்.

பிறகு அவர் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு தாளை எடுத்தார். போன வாரம் நான் கொடுத்த புரூஃப். நாலாக மடித்து, வேர்வையில் லேசாக ஈரமாகி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. "சாமி கிட்ட வச்சுட்டு வந்தேன். கையிலயே இருக்கட்டும்னு வச்சிருந்தேன்" என்றார். என் பென்சில் திருத்தம்கூட அழியவில்லை. மாப்பிள்ளையின் தாத்தா பெயரில் விட்டுப்போன கால் கூட அப்படியே இருந்தது.

"பேரெல்லாம் அதே மாதிரி எழுத்துல வந்துருமாடே?"

வந்துரும் அண்ணாச்சி என்று சொல்லுங்கள். பால்கோவாவை வாங்கிக்கொள்ளுங்கள், மறுப்பது மரியாதை இல்லை. புரூஃபை ஒரு கிளிப்பில் மாட்டி மானிட்டர் பக்கத்தில் நிறுத்துங்கள். விண்டோஸ் டிவிடியைப் போட்டு முதலிலிருந்து இன்ஸ்டால் செய்ய உட்காருங்கள். டிஸ்கை எப்படிப் பிரிக்கட்டும் என்று அது கேட்கும். டி டிரைவை மறந்துவிடாதீர்கள், பேக்கப் வைக்க இடம் வேண்டும்.